மூணாம் லைன் புல்வெளி

மண்சரிவில் மூணாம் லைன் போன ஒன்பதாவது வருடம், அதன் மேல் வளர்ந்திருந்த புல்லை வெட்டுவதற்காக ஏசுவடியான், மலைக்கு அந்தப் பக்கக் கிளப்பில் கிடந்த பழைய புல்வெட்டும் டிராக்டரை வாங்கி வந்தார், அதை அவர் வாங்காமல் இருந்திருந்தால் எங்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் தெரியாமலே இருந்திருக்கும் என்று எங்களில் சிலர் இப்போதும் சொல்கிறார்கள், தெரியாமலே இருந்திருக்கலாம் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும், ஒரு வரிசையை ஒரு லைன் என்போம். மூணாம் லைனில் எட்டு வீடு. ஆடி மாதம், எட்டு நாள் விடாமல் மழை பெய்து ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அடுப்பெரிகிற நேரத்தில், மேலே இருந்த யூக்கலிப்டஸ் சரிவு அப்படியே இறங்கி வந்து அந்த எட்டு வீட்டின் மேல் உட்கார்ந்தது. பெரிய சத்தம் கூட இல்லை, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம், அதற்குப் பிறகு மழைச் சத்தம், அவ்வளவுதான். உள்ளே இருந்தவர்கள் பத்தொன்பது பேர் என்று எழுதினார்கள். ஐந்து பேரை எடுத்தார்கள். பதினோராம் நாள், இதற்கு மேல் தோண்டினால் மிச்ச மலையும் இறங்கும் என்று சொல்லி எந்திரங்களைத் திருப்பி அனுப்பினார்கள். பாதிரியாரும் பூசாரியும் பள்ளிவாசல் அசரத்தும் ஒரே குடைக்குக் கீழே நின்று ஜெபித்தார்கள், பதினாலு பேரை நாற்பதடி மண்ணுக்குள் அப்படியே விட்டுவிட்டு நாங்கள் மறுநாள் இலை பறிக்கப் போனோம்.

மண்ணின் மேல் புல் வந்தது. முதல் வருடம் கணுக்கால், அடுத்த வருடம் முழங்கால், பிறகு ஆள் நெஞ்சு வரைக்கும். நாங்கள் கத்தி பிடிக்கத் தெரியாதவர்கள் இல்லை, தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும் மாதங்களில் காலை முதல் சாயங்காலம் வரை கத்தியோடுதான் இருப்போம், ஆனாலும் அந்தப் புல்லில் அரிவாளை வைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. வருஷா வருஷம் ஆடியில் நினைவு நாளுக்குப் புல்லை விலக்கிக்கொண்டு போய் மெழுகுவர்த்தியோ சூடமோ ஏற்றிவிட்டு, காலில் ஏறிய அட்டைகளை உதறிக்கொண்டே திரும்புவோம். போன ஆடிக்கு அப்படிப் போன பேச்சித்தாயை, புல்லுக்குள் படுத்திருந்த காட்டுமாடு எழுந்து முட்டியது. அவள் அந்தச் சரிவில் மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டவள். இடுப்பெலும்பு முறிந்து, இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள்.

அதன் பிறகுதான் புல்லை வெட்டியே ஆகவேண்டும் என்று பேச்சு வந்தது. வேலைக்குப் பெயர் கொடுக்கிற காலையில் எல்லோரும் கூடியிருந்தபோது, யார் வெட்டுவது என்று கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"நம்ம கைதான் நடுங்குது. மெஷினுக்குக் கை கிடையாதுல்லா" என்றார் ஏசுவடியான். "நான் பாத்துக்கிடுதேன்."

அவர் தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர், இரண்டாம் லைன்காரர். அந்த மண்ணுக்குள் அவருக்கு யாரும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அவர் செய்கிறார் என்பதும் தெரியும்.

அவருக்கும் சலேத்தம்மாளுக்கும் ஒரே பெண், ஜெசிந்தா. மூணாம் லைன் கோமதியின் மகன் இசக்கிராஜைக் கட்டிக்கொள்வேன் என்று சொல்லி, வீட்டில் சம்மதிக்காமல், சரிவு நடப்பதற்கு இரண்டு நாள் முன்னால் காலை பஸ்ஸில் இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். தேட வேண்டாம் என்று நோட்டுத்தாளில் எழுதி வைத்திருந்தாள். சரிவு நடந்த சாயங்காலம் கோமதி ஃபேக்டரியில் வேலையில் இருந்தாள், வீட்டில் வேறு ஆளும் இல்லை, அதனால் அவளுக்கு வீடு போனதே தவிர ஆள் போகவில்லை. பிள்ளைகள் ஓடிப்போன அன்றைக்கு ஒருவர் வீட்டு வாசலில் ஒருவர் நின்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சண்டை போட்ட இரண்டு குடும்பமும், மூன்றாம் நாள் சரிவைப் பார்த்த பிறகு, தப்பித்துப் போனார்களே என்று கட்டிப்பிடித்து அழுதார்கள். அன்றிலிருந்து கோமதியும் ஏசுவடியானும் ஒருவரை ஒருவர் சம்மந்தி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஏசுவடியான் திருப்பூருக்கு மூன்று தடவை போய் வந்தார். பனியன் கம்பெனி விடுகிற நேரத்தில் வாசலில் நின்று பார்ப்பார். அவள் போன் செய்தால் கிடைக்கவேண்டும் என்று சலேத்தம்மாள் பழைய நம்பரை மாற்றவே இல்லை. எர்ணாகுளத்தில் பார்த்ததாக ஒருவர், கையில் பிள்ளையோடு கரூரில் பார்த்ததாக ஒருவர், இப்படி யாராவது வருடத்துக்கு ஒரு சேதி கொண்டுவருவார்கள், அந்த வீட்டில் அன்றைக்குக் கறி எடுப்பார்கள்.

மலையின் மறுபக்கம், பழைய தோட்ட முதலாளிகள் பந்தாடிய கிளப் ஒன்று உண்டு. அதை மூடி, சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஏசுவடியான் போனார். பின்கட்டில், சீமை ஓடு சரிந்த கொட்டகையில், ஒரு சின்ன சிவப்பு டிராக்டர் நான்கு சக்கரமும் காற்றில்லாமல் மண்டியிட்டது போல நின்றது. ஒரு ஆள் மட்டும் உட்காரலாம். வயிற்றுக்குக் கீழே கவிழ்த்த பெரிய இரும்புச் சட்டி, சட்டிக்குள் சுழலும் இரண்டு கத்தி.

"ஓடுமா?" என்று காவலாளி பொன்னையாவிடம் கேட்டார்.

"ஓடுனா ஏன் அண்ணாச்சி விக்காங்க? கடைசியா ஓட்டுன டிரைவர் செத்தே ஆறு வருஷம். இதை எடைக்குப் போடத்தான் வெச்சிருக்கு. உங்களுக்கு எதுக்கு?"

"புல்லு வெட்டத்தான்."

"எந்தப் புல்லு?"

ஏசுவடியான் சொன்னார். பொன்னையா அதன் பிறகு வண்டியைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை பேசவில்லை, சாவியைத் தேட உள்ளே போனார்.

ஜெசிந்தா கல்யாணத்துக்கென்று போட்டு வைத்திருந்த பணத்தில்தான் அதை வாங்கினார். எங்களிடம் வசூல் செய்யலாம் என்று சொன்னோம், வேண்டாம் என்றுவிட்டார். "அவளே கட்டிக்கிட்டாளே, இனி அந்தப் பணம் எதுக்கு? என் பிள்ளை தப்பிச்சுப் போயிட்டா. கீழ கெடக்கவங்களுக்கு இதைக்கூடச் செய்யலன்னா எப்படி" என்றார். சலேத்தம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள், மறுப்புச் சொல்லவில்லை.

இலை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த வண்டியை ஃபேக்டரியின் பின்னால் இலை வாட்டும் பழைய கொட்டகையில் நிறுத்தினார்கள். என்ஜின் மூடியைத் திறந்தால் உள்ளே எலிக்கூடு, கிளப்பின் சீட்டுக்கட்டைக் கடித்துக் கடித்துக் கட்டிய கூடு, ராஜா ராணியெல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தார்கள். பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் ஊறவிட்டு, பத்தாம் நாள் நீளக் கம்பி கொடுத்து நெம்பியபோது ஒரு முனகலோடு அசைந்தது. பழைய பெட்ரோல் கார்பரேட்டருக்குள் வெல்லப்பாகு மாதிரி உறைந்திருந்ததைச் சின்ன ஊசியால் குத்திக் குத்தி எடுத்தார். டேங்குக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்கித் துரு எடுத்தார். பெல்ட் பொள்ளாச்சியில் மாவுமில் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது, கத்தித் தண்டின் பேரிங் மோட்டார் பம்புக் கடையில் கிடைத்தது, கத்தி மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை, லாரியின் உடைந்த ஸ்பிரிங் பட்டையை வாங்கி வந்து அவரே காய்ச்சி அடித்துச் சாணை பிடித்தார். துருவேறி ஓட்டை விழுந்த சட்டிக்குப் பழைய தேயிலைத் தொட்டியின் தகட்டை வெட்டி ஒட்டினார். சீட்டு ஆட்டோவினுடையது. அதில் ஒட்டியிருந்த சினிமா நடிகையின் படத்தை சலேத்தம்மாள் கிழிக்கச் சொன்னாள், அங்கே போகிற வண்டியில் இது வேண்டாம் என்று.

கோமதி வேலை முடிந்து போகும்போது தூக்குவாளியில் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.

"இந்நேரம் ரெண்டு பிள்ளைங்க இருக்கும், என்ன சம்மந்தி?"

"ஒண்ணு இருந்தாலே போதும்" என்பார் ஏசுவடியான், ஸ்பேனரை நிறுத்தாமல்.

"மூத்தது பள்ளிக்கூடம் போவும்."

"போவும், போவும்."

ஏழாவது வாரம் என்ஜின் பிடித்தது. நீலப்புகை கொட்டகை முழுக்க நிறைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் வெளியே வந்ததைப் பார்த்தோம்.

வைகாசிக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்ததும் போனோம். முதலில் வெடி போட்டுக் காட்டுமாடும் பன்றியும் இருந்தால் போகட்டும் என்று காத்திருந்தோம். அவர் சட்டியை உச்சத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு முதல் சுற்று ஓட்டினார், நெஞ்சுயரப் புல் மடிந்து விழுந்தது. விழுந்ததைப் பெண்கள் வாரி ஓரத்தில் போட்டார்கள். இரண்டாம் சுற்றில் கணுக்காலுக்கு வந்தது. மூன்றாம் சுற்றுக்கு நாலு விரல் உயரத்துக்குச் சட்டியை இறக்கி ஓட்டியபோது, இடது ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் புல் வெட்டுப்படாமல் நின்றது. கத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்து அவர் வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி ஏற்றினார். புல் சட்டிக்குக் கீழே படுத்து, சட்டி போன பிறகு எழுந்து நின்றது. இறங்கி வந்து கத்தியைத் தடவிப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. கத்தியில் குறையில்லை என்று தெரிந்ததும் மறுபடி ஏறி மிச்சத்தை ஓட்டினார், இன்னும் பல இடங்களிலும் புல் அப்படியே நின்றது.

உச்சிவெயிலுக்கு முன்னால் முடிந்துவிட்டது. மொட்டையாக வெட்டிய அந்த மைதானத்தில், கணுக்கால் உயரப் புல்லில், ஆட்கள் படுத்திருந்தார்கள். தலை, தோள், மடக்கிய முழங்கால், நீட்டிய கை, எல்லாம் புல். ஒருவர் குப்புற, ஒருவர் மல்லாக்க, ஒரு பெரிய உருவம் இரண்டு சின்ன உருவங்களின் மேல் கையைப் போட்டபடி. காற்று வந்தபோது எல்லோரும் சேர்ந்தாற்போல லேசாக அசைந்தார்கள்.

பேச்சித்தாய் கம்பை ஊன்றி அந்தப் பெரிய உருவத்தின் அருகே போய் நின்றாள். "எங்க அத்தை" என்றாள். "கூட இருக்கது என் பிள்ளைங்க. பொடிசு எப்பவும் அவுக வலப்பக்கம்தான் படுக்கும்." கம்பைப் போட்டுவிட்டு, முறிந்த இடுப்போடு கஷ்டப்பட்டுக் கீழே உட்கார்ந்து, அந்தச் சின்னப் புல்லைத் தட்டிக்கொடுத்தாள்.

யாரும் பயந்து ஓடவில்லை. யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை. ஒன்பது வருடம் எங்கே கிடக்கிறார்கள் என்று தெரியாமல் இருந்தவர்களுக்கு எங்கே என்று தெரிந்தது, அதற்கு மேல் அன்றைக்கு எங்களுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அவரவர் அவரவரைக் கண்டுபிடித்துவிட்டோம். இரண்டு அண்ணன் தம்பி குடும்பத்துக்குள் மட்டும், நெட்டையாகக் கிடப்பவர் யார் என்று வாய்ச்சண்டை வந்து, பழைய வேட்டியைக் கொண்டுவந்து அளந்து தீர்த்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு அது எங்கள் நாளோடு சேர்ந்துவிட்டது. ஏசுவடியான் வாரம் ஒரு தடவை வண்டியை எடுத்து அவர்களைச் சுற்றி வெட்டினார். மழை வலுத்தால் பிளாஸ்டிக் தாளும் பழைய கம்பளியும் கொண்டுபோய்ப் போர்த்தினோம், வெயிலில் எடுத்துவிட்டோம். ஆடுகள் சுற்றியுள்ள புல்லைத்தான் மேய்ந்தன. பிள்ளைகள் ஓரத்தில் பந்து விளையாடினார்கள், பந்து யார் மேலாவது உருண்டால் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு எடுத்தார்கள். எஸ்டேட் ஆபீசிலிருந்து வந்து பார்த்த அதிகாரி, கத்தியின் கோணம் சரியில்லை என்று எழுதிக்கொண்டு போனார். கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்கள் வீட்டுக்கு ஒன்று வைத்துவிட்டு இங்கேயும் வந்து, சேர வேண்டியவர்களின் தலைமாட்டில் ஒன்று வைத்தார்கள்.

எல்லோரும் எண்ணினோம். முதல் நாளே எண்ணினோம். பதினாறு இருந்தது.

மேல் ஓரத்தில், கோமதியின் வீட்டு வாசல் இருந்திருக்க வேண்டிய இடத்தில், இரண்டு உருவம் ஒன்றையொன்று பார்த்தபடி கிடந்தன. நடுவில் ஒரு சாண் இடைவெளி. ஒரு உருவத்தின் தோளோரம் புல் மேடாக, ஒரு பையைப் போல எழுந்து நின்றது. பையின் பட்டையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் படுத்த மாதிரி. அந்த இரண்டையும் தங்களுடையவர் என்று யாரும் சொல்லவில்லை. பன்றி படுத்த தடம் என்றோம். பழைய அடுப்புச் சாம்பலுக்குப் புல் செழித்திருக்கும் என்றோம். பத்தொன்பது என்று எழுதினதே தப்பு, அந்த லைனுக்கு விருந்தாளி யாராவது வந்திருப்பார்கள் என்றோம். அதைச் சொன்னவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சொல்லாமல் இருந்த ஒன்று எங்களுக்கு உண்டு. சரிவு நடந்த மறு மாதம், கடைசி பஸ்ஸின் கண்டக்டர் எங்களில் இரண்டு மூன்று பேரிடம், சரிவு நடந்த அன்றைக்கு ஆறரை மணி வண்டியில் ஒரு பையனும் பொண்ணும் வந்து மூணாம் லைன் பாதையில் இறங்கி ஓடினார்கள், யாரென்று முகம் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தார். இதை இனி யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டோம். அந்த ரூட்டிலிருந்து அவர் மாறிப் போனபோது எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. கரூரில் பார்த்தேன், எர்ணாகுளத்தில் பார்த்தேன் என்று சேதி கொண்டுபோனவர்களும் நாங்கள்தான்.

முதல் நாளே ஏசுவடியான் அதைப் பார்த்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. வண்டியில் உட்கார்ந்திருந்தவர் அவர்தானே. ஆனால் வீட்டில் போய், பதினாலு பேரும் இருக்கிறார்கள் என்றுதான் சொன்னார். சலேத்தம்மாள் பார்க்க வருகிறேன் என்றபோதெல்லாம் அட்டை அதிகம், சகதி, காட்டுமாடு நடமாட்டம் என்று ஏதாவது சொன்னார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுப் பெண்கள் முறை வைத்து அவளைப் பேச்சில் பிடித்து வைத்தார்கள், ஒருத்தி பலகாரம் சுடக் கூப்பிடுவாள், ஒருத்திக்குத் தலைவலி வரும். உனக்குத்தான் அங்கே யாரும் இல்லையே அக்கா என்று சொன்னால் அவள் போகாமல் இருந்துவிடுவாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், எல்லோரும் இலைக் காட்டில் இருந்த நேரத்தில், ஏசுவடியான் தனியாக வண்டியைக் கொண்டுபோனார். சட்டியைத் தரையோடு தரையாக இறக்கி அந்த இரண்டு உருவத்தின் மேலும் ஓட்டினார். புல் படுத்து எழுந்தது. மறுபடி ஓட்டினார். கத்தி மண்ணைக் கிளறி, கல்லில் பட்டுப் பொறி பறந்து, சட்டி நடுங்கி, ஒட்டிய தகடு பிய்ந்து தெறித்தது. புல் எழுந்தது. அன்றைக்குக் காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் இருந்த கோமதி, சத்தம் கேட்டு வந்து வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"விடுங்க சம்மந்தி" என்றாள்.

அவர் என்ஜினை அணைத்தார். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"சலேத்து பார்த்துறக் கூடாதுன்னுதான்."

"எனக்குத் தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"சண்டை போட்டுட்டுப் போனாலும் இசக்கி ரெண்டு நாளைக்கு மேல என்னை விட்டு இருக்க மாட்டான். அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் கோமதி. "நீங்க திருப்பூருக்குப் போயிட்டு வந்து சொல்லச் சொல்ல, இருக்கட்டும், அப்படியும் இருக்கட்டும்னு கேட்டுக்கிட்டேன். என் வீடுதான் சம்மந்தி, கதவு திறந்துதான் கிடந்திருக்கும். நான் மட்டும் அன்னைக்கு ஃபேக்டரிக்குப் போகாம இருந்திருந்தா உக்காரவெச்சுச் சோறு போட்டிருப்பேன், மூணு பேருமா போயிருப்போம்."

அதைச் சொல்லிவிட்டு அவள் தெறித்து விழுந்த தகட்டை எடுத்துக்கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள். அவர் அதைக் கம்பி வைத்துக் கட்டினார். இரண்டு பேரும் அப்போது யாரிடமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை, ரொம்ப நாள் கழித்துக் கோமதி சொல்லித்தான் தெரியும்.

ஆடி நெருங்கியபோது, இடம் தெரிந்துவிட்டதால் பேர் வெட்டிக் கல் நடலாம் என்று முடிவானது. பதினாலு பேருடைய பெயர், வயது எழுதிக் கொடுத்தோம். கல்லுத்தச்சர் கீழேயிருந்து கல்லோடு லாரியில் வந்தார், பெயரை இடத்தில் வைத்தே வெட்டுவதாகப் பேச்சு. இரண்டாம் லைன் வளைவில் லாரி சகதியில் இறங்கி நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் மூணாம் லைனுக்கு எப்படிப் போகவேண்டும் என்று அவர் போய்க் கேட்டார். அந்த வீடு சலேத்தம்மாளுடையது. லாரி ஏறாது, நடந்து போயிறலாம், வாங்க காட்டுதேன் என்று அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். எங்கள் பெண்களில் ஒருத்தியும் அப்போது பக்கத்தில் இல்லை.

மைதானத்தில் ஏசுவடியான் வண்டியின் பக்கத்தில் எண்ணெய்த் துணியோடு நின்றிருந்தார். அவள் வருவதைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டார்.

கல்லுத்தச்சர் அசலூர்க்காரர். விரலை நீட்டி நீட்டி எண்ணினார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

"பதினாறு இருக்காங்க. பதினாலு பேர்தான் எழுதியிருக்கு. மேல ஓரத்துல ரெண்டு பேரு யாரு?"

பன்றி படுத்த தடம் என்று சொல்ல ஒருவர் தொண்டையைச் செருமினார், சொல்லவில்லை. சலேத்தம்மாள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், நாங்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தோம், கோமதி மட்டும் குனியவில்லை. பிறகு சலேத்தம்மாள் மேல் ஓரத்துக்கு நடந்து போனாள். மெதுவாகத்தான் போனாள். ஒருவர் காலையும் மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். அந்த இரண்டு பேரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தோளோரப் புல்மேட்டைக் குனிந்து தொட்டாள்.

"பையக் கூடக் கழட்டலை" என்றாள்.

அவள் நிமிர்ந்து, காகிதத்தோடு நின்ற கல்லுத்தச்சரைப் பார்த்தாள்.

"எழுதிக்கோங்க. ஜெசிந்தா மேரி. வயசு பத்தொம்பது."

அவர் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார். "இன்னொருத்தர்?"

"இசக்கிராஜ்" என்றாள் கோமதி. "இருபத்திமூணு."

"அப்பா பேர் போடணும். இல்லன்னா கட்டுனவங்க பேர் போடலாம்."

இரண்டு தாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கட்டுனவங்க பேரே போடுங்க" என்றாள் சலேத்தம்மாள்.

அவர் எழுதி முடித்து, உளியை எடுத்தார். ஏசுவடியான் பக்கத்தில் போய், "சலேத்து" என்றார். அவள் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "நீங்க அங்கிட்டு இருக்கதை வெட்டுங்க" என்றாள். "மழை வருது."

அவர் வண்டியில் ஏறினார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. மற்றவர்களைச் சுற்றி வெட்டி முடித்துவிட்டு மேல் ஓரத்துக்கு வந்தபோது, சலேத்தம்மாள் அந்த இரண்டு பேருக்கும் நடுவில், அந்த ஒரு சாண் இடைவெளியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். புல்லுக்குள் முளைத்திருந்த தொட்டாச்சிணுங்கி முள்ளை இரண்டு கையாலும் பிடுங்கிக்கொண்டிருந்தாள், செடியில் கொழுந்து பறிக்கிற அதே வேகத்தில், விரலில் ரத்தம் வருவதைப் பார்க்காமல். அவர் அவளைச் சுற்றி ஓட்டினார். அங்கே வெட்ட இனி ஒன்றுமில்லை, ஆனாலும் ஓட்டினார். என்ஜினை அணைத்தால் அவள் அழுவது காதில் விழும் என்று பயந்தார். தூறல் ஆரம்பித்தது, கல்லுத்தச்சர் தார்ப்பாய்க்குக் கீழே போனார், நாங்கள் கம்பளிகளை எடுத்துவந்து அவரவர் ஆட்களுக்குப் போர்த்தினோம், அவர் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டே இருந்தார். நாலு மணி வாக்கில் பெட்ரோல் தீர்ந்து, என்ஜின் இரண்டு தடவை விக்கி நின்றது.

அப்போதுதான் அவருக்குக் கேட்டது, எங்களுக்கும் கேட்டது. சலேத்தம்மாள் அழவில்லை. தாழ்ந்த குரலில், நேரம் கழித்து வீடு வந்த பிள்ளையைத் திட்டுவது போல, திட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த மழையிலயாடி வருவாங்க? அங்கனயே பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேரும் ஒதுங்கி உக்காந்துருந்து, விடிஞ்சு வரக்கூடாது? என்ன அவசரம் உனக்கு? நாங்க எங்க போயிரப் போறோம்? அடிச்சா விரட்டிருவோம்? வந்து கதவத் தட்டுனா தெறக்க மாட்டோம்னா நெனச்ச?"

ஏசுவடியான் வண்டியை விட்டு இறங்கி வந்து, அவளுக்குப் பக்கத்தில் இடமில்லாததால் ஜெசிந்தாவின் கால்மாட்டில், ஈரத்தில், உட்கார்ந்தார்.